டிரைவரைக் கொன்றது யார்? ‘த பிக் ஸ்லீப்’ பற்றி ஓர் இழை

ஜூன் 3 (கேள்வி)

நேற்று ராத்திரி ‘த பிக் ஸ்லீப்’ (1946) என்ற ஹாலிவுட் துப்பறியும் படத்தைப் பார்த்து முடித்தேன். முடித்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம், புரிந்தது என்று சொல்ல மாட்டேன். யார் யாரை மிரட்டுகிறார்கள், யார் சுட்டது, யார் செத்தது, பாதிக்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர் ஜெனரல் ஸ்டெர்ன்வுட் வீட்டு டிரைவர் காரோடு கடலில் கிடக்கிறார். அவரைக் கொன்றது யார் என்று கடைசி வரை சொல்லவே இல்லை. துப்பறியும் படத்தில் துப்பே துலங்காவிட்டால் அப்புறம் எதற்கு அதைக் கிளாசிக் என்று கொண்டாடுகிறீர்கள்? துப்பறிபவராக வரும் போகார்ட் தொப்பிக்காகவா?

ஜூன் 3, இரவு

டிரைவரைக் கொன்றது யாரென்று படம் எடுத்தவர்களுக்கும் தெரியாது. ஷூட்டிங் நடுவில் இதே சந்தேகம் அவர்களுக்கும் வந்து, நாவல் எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே தந்தி அடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கும் தெரியவில்லை. இதைச் சாண்ட்லரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தொப்பிக்காகவும்தான். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

முதலில் சாவுக் கணக்கை முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் இதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பெரியவருக்கு இரண்டு மகள்கள்: பெரியவள் விவியன் (லாரன் பக்கால்), சின்னவள் கார்மென். கைகர் என்பவன் மிரட்டுகிறான் என்று அவர் கூலிக்கு வைக்கும் துப்பறிவாளன் மார்லோ (போகார்ட்). அந்தக் கைகரைச் சுட்டது டிரைவர் ஓவன் டெய்லர். சின்னவள் கார்மென் மேல் அவனுக்குக் காதல். கைகர் வீட்டில் கார்மெனை ரகசியமாக எடுத்த படச்சுருளோடு டெய்லர் ஓட, ஜோ பிராடி என்ற இன்னொரு மிரட்டல்காரன் அவனைத் துரத்திப் பிடித்து மண்டையில் தட்டிச் சுருளைப் பறித்துக்கொள்கிறான். அடித்ததை ஒத்துக்கொள்கிறான், கொன்றதை ஒத்துக்கொள்ளவில்லை. கைகரைக் கொன்றது பிராடிதான் என்று தப்பாக நினைத்து கைகரின் ஆள் லண்ட்கிரன் பிராடியைச் சுடுகிறான். தகவல் விற்க வரும் ஹாரி ஜோன்ஸுக்கு விஷம் கொடுப்பது அடியாள் கானினோ. கானினோவைச் சுடுவது மார்லோ. சூதாட்ட விடுதி நடத்தும் எட்டி மார்ஸை அவனுடைய ஆட்களே ஆள் தெரியாமல் சுட்டுவிடுகிறார்கள். பெரியவரோடு மகன் மாதிரி பழகிக் காணாமல்போன ஷான் ரீகன் கணக்கு கடைசியில் எட்டி மார்ஸ் தலையில் எழுதப்படுகிறது. நாவலில் ரீகனைக் கொல்வது கார்மென்.

ஆக ஓவன் டெய்லர் ஒருவன்தான் மிச்சம். அடிபட்ட மயக்கம் தெளியாமல் தானே காரைக் கடலில் விட்டானோ, யாராவது தள்ளினார்களோ, போகட்டும் விடுங்கள்.

ஜூன் 4, மாலை

குழப்பத்தின் வேர் படத்தில் இல்லை, நாவலில் இருக்கிறது. சாண்ட்லர் எண்ணெய் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். 1932-இல் வேலை போனது. நாற்பத்தைந்து வயது நெருங்கும்போது மலிவுத் தாள் பத்திரிகைகளுக்குத் துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தார். 1939-இல் முதல் நாவல் எழுதும்போது புதிதாகக் கதை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ‘கில்லர் இன் த ரெயின்’ (1935), ‘த கர்ட்டன்’ (1936) என்று தன் பழைய கதைகளையே எடுத்து வெட்டி ஒட்டினார். ஒன்று பெண்ணின் படத்தை வைத்து மிரட்டுகிற கதை. இன்னொன்று காணாமல்போன ஆளைப் பற்றியது. இரண்டையும் சேர்த்த தையல் நடுவில் அப்படியே தெரியும்.

படத்தில் அந்தத் தையலைப் பார்க்க வேண்டுமா? பிராடி செத்த பிறகு விவியன் மார்லோவை ஓர் உணவகத்தில் சந்தித்துக் காசோலை கொடுக்கிறாள். அப்பா கொடுத்த வேலை முடிந்தது, கூலி இதோ, கிளம்பு என்கிறாள். உண்மையிலேயே வேலை முடிந்துதான் போயிற்று. மிரட்டியவன் செத்தாயிற்று, சுருள் கிடைத்தாயிற்று. மனுஷன் கிளம்ப மாட்டேன் என்கிறான். ரீகன் எங்கே போனான் என்று யாரும் அவனிடம் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் போகிற வருகிற எல்லாரும் “ரீகனைத் தேடத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள்?” என்று துளைத்தால் ஓர் ஆளுக்கு எப்படி இருக்கும்? இரண்டாம் பாதி முழுக்க அவன் வம்பாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நாளைக்கு 25 டாலரும் செலவும் என்று பேசி வந்தவன், காசு வாங்காத வேலைக்கு அடி வாங்குகிறான்.

எனக்கு இந்தப் படத்தின் ருசி அங்கேதான் தொடங்குகிறது. கொலைகாரன் யார் என்பது ஒரு சாக்கு. ஓர் ஆள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு அறையிலும் இன்னொருவரோடு உட்கார்ந்து பேரம் பேசுகிறான். யார் எவ்வளவு மறைக்கிறார்கள், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள், யார் முதலில் கண் இமைக்கிறார்கள், இதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஜூன் 5

“பேரம் பேரம் என்கிறீர்களே, ஒரு சீன் சொல்லுங்கள்” என்று ஒருவர்.

கண்ணாடி வீடு. ஆர்க்கிட் வளர்க்கிற, வெந்நீர் ஆவி மாதிரி புழுங்குகிற அறை. சக்கர நாற்காலியில் ஜெனரல் ஸ்டெர்ன்வுட். கால் இரண்டும் முடங்கிவிட்டன, கம்பளி போர்த்தியும் குளிர்கிறது அவருக்கு. எதிரே மார்லோ சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்திருக்கிறான். பெரியவருக்குக் குடிக்க அனுமதி இல்லை. மார்லோவுக்கு பிராந்தி ஊற்றச் சொல்லி, அவன் குடிப்பதையும் புகைப்பதையும் பார்த்தே தன் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார். பேச்சு முழுக்க மிரட்டல் பற்றி, இரண்டு பெண்கள் பற்றி. ஆனால் நடுவில் ரீகன் பெயர் வரும்போது குரல் இறங்குகிறது பாருங்கள். மகன் மாதிரி பழகியவன் சொல்லாமல் போய்விட்டான். தேடித் தா என்று கேட்க வாய் வரவில்லை. மார்லோவுக்கு அது காதில் விழுந்துவிட்டது.

அதைக் கேட்டுவிட்டதால்தான் அப்புறம் காசோலை வாங்கியும் கிளம்ப மாட்டேன் என்கிறான். கதை புரியவில்லை என்கிறவர்கள் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

புத்தகக் கடை. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

கைகர் அரிய புத்தகம் விற்பதாகப் பலகை மாட்டிவிட்டு வேறு வியாபாரம் செய்கிறவன். மார்லோ தொப்பி விளிம்பை மேலே மடக்கி, கண்ணாடி மாட்டி, குரலை இழுத்து, பண்டிதர் மாதிரி உள்ளே போகிறான். ‘பென்-ஹர்’ 1860-ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்பு இருக்கிறதா, 116-ஆம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு தரம் அச்சானதே, அது? கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்னஸ், அது இல்லை என்கிறாள். எதிர்க் கடைக்குப் போய் அதே கேள்வி. அங்கே இருக்கும் பெண் புத்தகப் பட்டியலைப் புரட்டிவிட்டு அப்படி ஒரு பதிப்பே கிடையாது என்கிறாள். கிடையாதுதான். அந்த நாவல் வெளிவந்ததே 1880-இல். அக்னஸுக்குப் புத்தகம் பற்றி ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று நிரூபணம் ஆயிற்று. துப்பாக்கி இல்லை, பூதக்கண்ணாடி இல்லை, கால்தடம் இல்லை.

எதிர்க் கடைப் பெண் டோரதி மலோன். வெளியே மழை. கடையைச் சாத்துகிறாள், கண்ணாடியைக் கழற்றுகிறாள், ஒரு பாட்டில் வருகிறது. அப்புறம் அவளைப் படத்தில் பார்க்கவே மாட்டோம். கதைக்கு அந்த மழைக் காட்சி தேவையே இல்லை. வெட்டித்தான் பாருங்களேன், படம் எவ்வளவு ஏழையாகிறது என்று தெரியும்.

ஜூன் 6

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. நான் படம் போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே பார்த்தார். “இவன் ஏன்டா யோசிக்கும்போதெல்லாம் காதைப் பிடிச்சுக்கறான்?” என்றார். கவனித்துப் பாருங்கள், போகார்ட் படம் முழுக்கக் காது மடலை வருடிக்கொண்டே இருப்பார். வசனம் ஒன்று புரியாதவர் பிடித்த விஷயம் இது. பக்கால் வந்ததும் “இவ பொய் சொல்றா” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கதை தெரியாமலே படம் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி நான் தேட மாட்டேன்.

ஜூன் 8

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மேலே நான் எழுதியதைப் படித்தால், இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் ஏதோ பெரிய கலைத் தீர்மானம் எடுத்து விளக்கங்களைக் கைவிட்டார் என்று தோன்றும். நடந்தது அதைவிடக் கச்சாவானது.

1944 அக்டோபரில் ஷூட்டிங் தொடங்கி 1945 ஜனவரியில் முடிந்துவிட்டது. அப்போதைய படத்தில் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு காட்சி இருந்தது. அதில் மார்லோவும் அதிகாரிகளும் உட்கார்ந்து யார் யாரைக் கொன்றார்கள் என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கிவிடுவார்கள். அந்தப் பிரதி வெளிநாட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. வார்னர் நிறுவனம் திரையரங்கில் விடாமல் நிறுத்திவைத்தது. கையில் போர்ப் படங்கள் குவிந்திருந்தன, போர் முடிந்தால் அவை விலை போகாது.

இதற்கிடையில் பக்காலின் அடுத்த படம் ‘கான்ஃபிடென்ஷியல் ஏஜென்ட்’ 1945 கடைசியில் வந்து விமர்சகர்களிடம் நன்றாக அடி வாங்கியது. அவருடைய ஏஜென்ட் சார்லஸ் ஃபெல்ட்மன் ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார்: பக்கால் முகத்திரை போட்டு வரும் காட்சியைத் தூக்குங்கள், போகார்டோடு துடுக்காகப் பேசுகிற காட்சிகளைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் மார்க்கெட் போய்விடும். 1946 ஜனவரியில் மறுபடி எடுத்தார்கள். விளக்கக் காட்சி போயிற்று. குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவது போல வேறு எதையோ பேசுகிற அந்த உணவகக் காட்சி வந்தது. ஆம், நான் 4-ஆம் தேதி தையல் என்று சொன்ன அதே இடம். கதை கிழிந்த இடத்தில் ஒரு சரசம் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு நடிகையின் மார்க்கெட்டைக் காப்பாற்ற வெட்டிய வெட்டு, படத்தைக் காப்பாற்றிவிட்டது. இரண்டு பிரதியையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழையதில் எல்லாம் புரிகிறது, ஆனால் அந்த அலுவலகக் காட்சி வந்ததும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது.

ஜூன் 8, பின்குறிப்பு

போகார்டும் பக்காலும் 1945 மே மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதாவது ஜனவரி 1946 மறுஷூட்டிங்கில் சீண்டிக்கொள்கிறவர்கள் கணவன் மனைவி. முதல் ஷூட்டிங்கில் போகார்டுக்கு வேறு மனைவி இருந்தார், வீட்டில் ரகளை. ஒரே படத்துக்குள் இரண்டு காலம் ஒட்டியிருப்பது தெரிந்த பிறகு எந்தக் காட்சி எதில் எடுத்தது என்று கண்டுபிடிப்பதே எனக்குத் துப்பறியும் வேலையாகிவிட்டது.

ஜூன் 9

“இதெல்லாம் ஹீரோயிசம்தானே, மார்லோ எங்கே தோற்கிறான்?”

ஹாரி ஜோன்ஸ் காட்சியைப் பாருங்கள். குள்ளமான, பயந்த சுபாவமான ஆள். எலிஷா குக் ஜூனியர் நடித்தது. ‘த மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தில் துப்பாக்கியோடு வீராப்புக் காட்டும் பையனாக வந்தவர். இங்கே அக்னஸுக்காக 200 டாலருக்குத் தகவல் விற்க வருகிறான். பணம் வாங்க வரச் சொன்ன இடத்துக்கு மார்லோவுக்கு முன்னால் கானினோ வந்துவிடுகிறான். அக்னஸ் எங்கே? துப்பாக்கி. ஜோன்ஸ் ஒரு முகவரி சொல்கிறான். சந்தோஷம், வா ஒரு வாய் குடிப்போம் என்று ஊற்றிக் கொடுக்கிறான் கானினோ. பக்கத்து அறையில் மார்லோ நிற்கிறான். எல்லாம் கேட்கிறது. கண்ணாடித் தடுப்பில் நிழல் மட்டும். ஒன்றும் செய்யவில்லை. குடித்த சத்தம், சிரிப்பு, அப்புறம் இருமல்.

கானினோ போன பின்தான் தெரிகிறது, ஜோன்ஸ் கொடுத்தது பொய் முகவரி. விஷத்தை எதிரே வைத்துக்கொண்டும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்னஸ் அந்தத் தியாகத்துக்கு ஒரு துளியும் தகுதி இல்லாதவள். போனில் அவளோடு பேசும்போது மார்லோ குரலில் வருகிற கசப்பு படத்தில் வேறெங்கும் இல்லை.

அவன் ஏன் உள்ளே போகவில்லை? கையில் ஆயுதம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. விஷம் என்று அவனுக்கும் தெரியாது, அடித்து மிரட்டிவிட்டுப் போவான் என்று நினைத்திருப்பான் என்று கொஞ்ச காலம் சமாதானம் செய்துகொண்டேன். இப்போது அதுவும் பத்தவில்லை. கடைசியில் கானினோவைச் சுடும்போது மார்லோ நிதானமாக இல்லை, அதைத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 10

உயர ஜோக்: நாவலில் கார்மென் மார்லோவைப் பார்த்ததும் “நல்ல உயரம் நீ” என்கிறாள். படத்தில் போகார்ட். ஆகவே “நீ அவ்வளவு உயரமில்லையே” என்று மாற்றிவிட்டார்கள். முயற்சி செய்கிறேன் என்கிறான் அவன்.

திரைக்கதையில் மூன்று பெயர்கள்: வில்லியம் ஃபாக்னர், லீ பிராக்கெட், ஜூல்ஸ் ஃபர்த்மன். பிராக்கெட் எழுதிய துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு “அந்த ஆளைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லியனுப்பினாராம் ஹாக்ஸ். வந்து நின்றது இளம்பெண். அதே பெண்மணிதான் 1973-இல் ராபர்ட் ஆல்ட்மனுக்காக ‘த லாங் குட்பை’ எழுதி, மார்லோவை எழுபதுகளின் கலிபோர்னியாவில் திருதிருவென முழிக்க விட்டார். ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த ‘த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ முதல் வரைவும் அவருடையதே. இனி ஹான் சோலோ வாயடிக்கும்போது பக்கால் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஜூன் 12

கார்மென் பற்றி ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். நியாயமான கோபம். விரல் சூப்புகிற, மயக்க மருந்து கொடுக்கப்பட்டு படமெடுக்கப்பட்ட பெண்ணை எல்லாரும் தொல்லையாகவே பார்க்கிறார்கள், மார்லோ உட்பட. கடைசியில் எங்காவது அனுப்பிவிடலாம் என்று இரண்டு வரியில் தீர்த்துவிடுகிறார்கள்.

தணிக்கை விதியும் இதில் சேர்த்தி. கைகர் கடையில் விற்றது ஆபாசப் புத்தகம், கைகரும் லண்ட்கிரனும் ஒன்றாக வாழ்ந்தவர்கள்; நாவலில் வெளிப்படை, படத்தில் இரண்டையும் வாயால் சொல்ல முடியாது. நாவலில் ஆடையில்லாமல் இருப்பவள் படத்தில் சீனப் பட்டு உடையில் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் மறைக்கப்பட்டதால் ஆளுக்கு ஆள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்பதே பாதி புரியாது. கேள்வி கேட்டவர் குழம்பியதில் இதற்கும் பங்கு உண்டு.

மார்த்தா விக்கர்ஸ் அந்தக் கார்மென் வேஷத்தில் பக்காலையே தூக்கிச் சாப்பிட்டார், அதனாலேயே அவர் காட்சிகள் வெட்டப்பட்டன என்று சாண்ட்லர் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். போகார்ட் பற்றி மட்டும் அவருக்குப் புகார் இல்லை. துப்பாக்கி இல்லாமலே முரடனாகத் தெரிகிற ஆள் என்று அதே கடிதத்தில் பாராட்டு.

ஜூன் 13

“இது நுவார் (இருண்ட குற்றப் பட ரகம்) கணக்கிலேயே வராது, நிழல் எங்கே, பின்கதை எங்கே, நாசமாய்ப் போகிற நாயகன் எங்கே?”

பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) மாதிரி சாகப்போகிறவன் குரல் இங்கே கிடையாது. அந்தத் திரைக்கதையில் சாண்ட்லர் இருந்தார், இதில் இல்லை, அது வேறு வேடிக்கை. ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ (1947) மாதிரி பழைய பாவம் தேடி வருவதும் இல்லை. இங்கே ஹீரோ பிழைக்கிறான், பெண்ணும் கிடைக்கிறாள். ஆனால் கடைசி நிமிஷத்தை யோசியுங்கள். எட்டி மார்ஸை வாசல் வழியாக வெளியே போக வைப்பது மார்லோ. வெளியே துப்பாக்கிகள் காத்திருப்பது தெரிந்தே செய்கிறான். பிறகு போலீசுக்குப் போன் போட்டு, ரீகன் கொலையைச் செத்தவன் பேரில் எழுதுகிறான். கிழவருக்கும் பெண்களுக்கும் வசதியான ஒரு பொய். சைரன் கேட்கிறது, படம் முடிகிறது. இவ்வளவு அழுக்கான கையோடு நிற்பவனை வேறு எந்த ரகத்தில் சேர்ப்பது?

ஜூன் 15

தமிழில்? ‘அந்த நாள்’ (1954) பெயர் வரும் என்று தெரியும். எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம், சிவாஜி, பாட்டே இல்லாத படம். நிழலும் கோணமும் அசல் சரக்கு. ஆனால் அதன் இயல்பு நேர்எதிர். எடுத்த எடுப்பில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டு விழுகிறான், அதற்குப் பிறகு ஒவ்வொருவர் சொல்லும் கதையும் சுட்டது யார் என்ற ஒரே புள்ளியை நோக்கி ஓடுகிறது. விடையை எடுத்துவிட்டால் அந்தப் படம் நிற்காது. ‘பிக் ஸ்லீப்’ விடையைத் தொலைத்துவிட்டும் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த இரவு பாருங்கள், நல்ல சண்டை போடலாம்.

ஜூன் 16

எதைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு. 1946 பிரதி, 114 நிமிஷம், அதை முதலில். 1945 பிரதி யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தார் மீட்டு 1997-இல் திரையில் வந்தது. டிவிடியில் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. அதில் விளக்கக் காட்சியும் முகத்திரைக் காட்சியும் பார்த்தால் போதும்.

1978-இல் மைக்கேல் வின்னர் லண்டனில் வைத்து மறுபடி எடுத்தார். ராபர்ட் மிட்சம் மார்லோ, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜெனரல். தணிக்கைத் தொல்லை இல்லை, நாவலின் முடிவு அப்படியே இருக்கிறது, எல்லாம் பட்டப்பகலாகப் புரிகிறது. நான் பாதியில் தூங்கிவிட்டேன். மிட்சத்தைப் பிடிக்குமென்றால் அதற்கு முந்தைய ‘ஃபேர்வெல், மை லவ்லி’ (1975) பாருங்கள், அதில் அவருடைய களைப்பு மார்லோவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.